கப்பலின் பின் பிரேக்

கப்பலை லொறியிலிருந்து இறக்கும்போது மரியநாயகம் கைகொடுக்கப் போகாமல் கராஜ் வாசலிலேயே நின்றார். ஹாலிஎலையில் இருபத்திரண்டு வருடமாக கராஜ் வைத்திருப்பவர் அவர். அடிபட்டு வந்த எத்தனையோ வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கிறார். ஆனால் இது அவர் கையால் பிறந்த வண்டி. இதை ஓட்டிய விஜேந்திரன் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. பொலிஸ் விடுவித்த வண்டியை அவனுடைய மனைவி நிஷாந்தினி ஒரு மரக்கறி லொறிக்காரனைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

கப்பல் என்பது தேயிலைத் தோட்டத்துச் சனம் வைத்த பெயர். அடிப்படையில் அது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். சட்டத்தைக் கொஞ்சம் நீட்டி, இடது பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டியைப் பொருத்தி, பெட்டிக்கென்று மூன்றாவது சக்கரம் ஒன்றும் போட்டிருந்தார் மரியநாயகம். வெலிமடைக்குப் போய் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஏற்றிவந்து தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக விற்க வேண்டும் என்று விஜேந்திரன் கேட்டுச் செய்வித்த வண்டி அது. அவ்வளவு பாரத்தை நிறுத்த வேண்டுமே என்று பின்சக்கரத்துக்கு வேறொரு பெரிய வண்டியின் பிரேக்கைத் தேடிப் பிடித்து மாட்டினார். அந்த வேலை முடிந்த அன்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

"அண்ணே, ரெண்டு வேலை இருக்கு," என்றாள் நிஷாந்தினி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "இத ஓட வைக்கணும். லைசன் எடுத்திட்டேன். இனிமே நான்தான் ஏவாரத்துக்குப் போகப்போறேன். ஆனா அதுக்கு முந்தி, வண்டி அன்னைக்கு ஏன் நிக்கலைன்னு பாத்துச் சொல்லணும்."

"பொலிஸ்ல என்ன எழுதினாங்க?"

"எறக்கத்து வளைவுல கட்டுப்பாட்ட இழந்திச்சாம். அவ்வளவுதான். மிச்சத்த லயத்துல எழுதிட்டாங்க. போட்டுட்டு ஓட்டினானாம். கதிர்காமத்துல சத்தியம் பண்ணி ஆறு வருசமா அவரு ஒரு சொட்டுத் தொட்டதில்ல. வெளியாளு சொன்னாக் கூடப் பரவாயில்லண்ணே. பெத்த தாயே சொன்னிச்சு. பொணத்த எறக்குறதுக்கு முந்தி, ஊரே கூடி நிக்கிறப்ப, 'எம்மவன் குடிச்சிருந்தான்'னு எங்க மாமியே சொன்னிச்சு. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனா குடிகாரன் மவன்னு கூப்புடுறாங்க."

மரியநாயகம் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவர் கண் தன்னையறியாமல் சுவர்ப் பக்கம் போயிற்று. அங்கே ஆணியில் பழைய செயின்களுக்கும் டியூப்களுக்கும் நடுவே ஒரு பழுப்பு உறை தொங்கியது. அதில் அவருடைய கையெழுத்திலேயே 'விஜி, பின் பிரேக்' என்று எழுதியிருந்தது. நாலு மாதமாக அதைக் கழற்றவும் தைரியமில்லை, எறியவும் மனமில்லை. நிஷாந்தினி அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்று அப்போதே பயந்தார்.

விஷயம் இதுதான். பிரேக்கை மிதித்தால், சக்கரத்தின் குடத்துக்குள் ஒரு தண்டு திரும்பி, இரண்டு பிரேக் ஷூக்களை விரித்துத் தள்ளும். ஷூ உரசினால் சக்கரம் நிற்கும். தண்டின் வெளிமுனையில் பல்வெட்டு இருக்கும். மிதியோடு இணைந்த ஆர்ம் என்கிற கை அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு நிற்கும். ஷூ தேயத் தேய மிதி தாழ்ந்துகொண்டே போகும். புது ஷூ போடு என்று வண்டி கேட்கிற மொழி அது. ஷூ கிடைக்காதபோது மலைநாட்டு மெக்கானிக்குகள் ஒரு வித்தை செய்வார்கள். ஆர்மைக் கழற்றி ஒரு பல் பின்னால் தள்ளி மாட்டிவிடுவார்கள். மிதி புதுசு போல மேலே வந்துவிடும். உள்ளே தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும். நாட்டில் டொலர் இல்லாமல் சாமான் வராத வருடங்களில் இந்த வித்தை செய்யாத கராஜ் பதுளையிலிருந்து பெரகல வரைக்கும் ஒன்றுகூட இருந்திருக்காது. வண்டியின் வாயைப் பொத்துகிற வேலை என்று தெரிந்தே செய்தார்கள்.

விஜேந்திரனுக்கும் மரியநாயகம் அதைத்தான் செய்தார். ஒரு பல் தள்ளி, தண்டிலும் ஆர்மிலும் புள்ளி குத்தி அடையாளம் வைத்தார். "பதுளையில நௌபர் கடைக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஷூ வந்ததும் கூப்புடுறேன்" என்றார். மூன்றாம் வாரம் ஷூ வந்தது. அது தீபாவளிக்கு முந்தைய நேரம், கராஜ் நிறைய வண்டி. கப்பல் தினமும் வாசலால்தான் போகும். விஜேந்திரன் ஹோர்ன் அடித்துச் சிரித்துவிட்டுப் போவான். போகிறவனை நிறுத்த ஒரு கையைத் தூக்கினால் போதும். அந்தக் கையில் அந்த நேரத்தில் வேறொருவனின் கார்புரேட்டர் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினொரு நாள் போயிற்று.

வண்டியை மேடைமேல் ஏற்றி, வேறெங்காவது குற்றம் கிடைக்காதா என்று முன்னாலிருந்தே தேடத் தொடங்கினார். முன் பிரேக் கேபிளைக் கழற்றினார். உள்ளே ஐந்தாறு நூல் பிய்ந்திருந்தது. ஆனாலும் இழுத்தால் இழுபட்டது. ஹேண்டிலின் பேரிங் குண்டுகள் பள்ளம் விழுந்து கிடந்தன. அதற்காக வண்டி முரண்டு பிடிக்கும், உருண்டு ஓடாது. பெட்டியின் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். அதுவும் ஆடியது, ஆனால் கழன்றிருக்கவில்லை. செயின் தொங்கிப்போயிருந்ததே ஒழிய அறுந்திருக்கவில்லை. தேய்ந்த சாமான் இத்தனை இருக்க, அவர் மனதாரக் குற்றவாளியாக்க ஒன்றுகூட அகப்படவில்லை.

நிஷாந்தினி அவர் கேட்குமுன்பே ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். எது பத்து, எது பன்னிரண்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. புருசனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கற்றுக்கொண்டது.

"அந்த மலையெறக்கத்துல எஞ்சின நிப்பாட்டிட்டுத்தானே எறங்கியிருப்பான்?" என்று கேட்டார்.

"பெற்றோலுக்கு வரிசைல நின்ன காலத்துலேர்ந்து மிச்சம் பிடிக்க அப்பிடித்தானே எல்லாரும் எறங்குறாங்க. அந்த எறக்கம் வந்தா அவரு கை தானா சாவிக்குப் போயிரும்."

அதாவது மலையிறக்கத்தில் எஞ்சினும் இழுத்துப் பிடிக்கவில்லை. மூட்டை மூட்டையான கிழங்கின் பாரம் முழுவதும் பின் பிரேக்கின் தலையில். மரியநாயகத்துக்கு இனித் தேட வேறு இடமில்லை. பின்சக்கரத்தைக் கழற்றினார்.

குடத்தைத் திறந்ததும் கரித்தூள் கொட்டியது. ஷூக்களில் உரசுகிற பகுதி கடதாசிக் கனம்கூட இல்லை. ஒரு ஓரத்தில் இரும்பே தெரிந்தது. ஷூக்களை நிமிர்ந்து நின்று தள்ள வேண்டிய தண்டு, எல்லையைத் தாண்டித் திரும்பி, அந்தப் பக்கம் படுத்துக் கிடந்தது. படுத்துவிட்டால் எத்தனை மிதித்தாலும் மிதி தரையைத் தொடும், சக்கரத்துக்கு ஒன்றும் தெரியாது. அந்த வளைவில் விஜேந்திரன் எத்தனை தடவை மிதித்திருப்பான் என்று அவர் நினைத்துப் பார்த்தார்.

ஆனால் ஒரு பல்லுக்கு இப்படிப் புரளாதே. ஆர்மைத் துடைத்துப் பார்த்தார். அவர் குத்திய இரண்டு புள்ளிகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஆர்ம் இன்னும் ஒரு பல் தள்ளி நின்றது. அதற்கு நேரே, ஆர்மிலும் தண்டிலுமாக, ஆணியால் கீறியது போல ஒரு கோடு. புள்ளி குத்தத் தெரியாத யாரோ அவர் மாதிரியே அடையாளம் வைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

'விஜி, நீயே கை வச்சிட்டியாடா' என்று மனதுக்குள் கேட்டார். வெட்கக்கேடு, அந்த நொடியில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"அண்ணே." நிஷாந்தினியின் குரல் இறங்கியிருந்தது. "அந்த ஆர்ம ஒரு பல்லுத் தள்ளினா, அப்பிடிப் புரளுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் அந்தக் கீறலிலேயே இருந்தது.

"நீ தள்ளினியா?"

"அன்னைக்குக் காலைல அவரு பீலித் தண்ணில குளிக்கப் போயிருந்தாரு. மிதி ரொம்ப எறங்குது, நாளைக்கு மரியண்ணேகிட்ட போகணும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்க செஞ்சத நான் பாத்துக்கிட்டு இருந்தேனே. ஒரு நட்டு, ஒரு பல்லு. வந்து மிதிச்சுப் பாத்துட்டு, 'அடியே, புதுசு மாதிரி இருக்கு'ன்னு சிரிச்சாரு." அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "நாலு மாசமா இதத்தான் கேக்கணும்னு இருந்தேன். யாருகிட்ட கேக்குறது? அவரு குடிக்கலைன்னா அப்ப நான்தானே?"

மரியநாயகத்தின் முன்னால் தப்பித்துக்கொள்ள வாசல் திறந்துதான் இருந்தது. ஆமாம் தங்கச்சி, ரெண்டாவது பல்லுதான் கொன்றது என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அது பொய்யும் அல்ல. வேறொரு ஆளாக இருந்தால் அப்படிச் சொல்லிவிட்டு ராத்திரி நன்றாகவே தூங்கியும் இருப்பான். மரியநாயகம் எழுந்துபோய் ஆணியிலிருந்து உறையைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தார்.

"மொதப் பல்லத் தள்ளினது நான். நான் காட்டிக் குடுத்ததத்தான் நீ செஞ்ச. இந்த ஷூ அவன் சாகுறதுக்குப் பதினொரு நாளைக்கு முந்தியே வந்திருச்சு."

நிஷாந்தினி உறைமேலிருந்த பெயரை வாசித்தாள். ஆணியைப் பார்த்தாள். மறுபடியும் உறையைப் பார்த்தாள்.

"இங்கயேவா தொங்கிக்கிட்டு இருந்திச்சு?"

"ஆமா."

"தினமும் இந்த வாசலாலதானே அண்ணே போனாரு."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று மரியநாயகத்துக்கு இருந்தது. அவள் உறையை மேடைமேல் வைத்துவிட்டு, வாசலில் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதுளை பஸ் ஒன்று போயிற்று. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

"தோட்டத்துப் பெரட்டுக்களத்துல வந்து சொல்லுவீங்களா? எல்லாருக்கும் முன்னுக்கு. அவரு குடிக்கல, பிரேக்குதான்னு."

"சொல்றேன். எம் பங்க மட்டுந்தான் சொல்லுவேன். உன் பங்கு இந்தக் கராஜ விட்டுப் போகாது."

அவள் மேடைமேலிருந்த உறையை எடுத்து மறுபடியும் அவர் கையில் வைத்தாள்.

நாலு நாள் மற்ற வேலை எதையும் தொடாமல் கப்பலை மட்டும் பார்த்தார். உறையிலிருந்த ஷூக்களைப் போட்டார். புரண்ட தண்டை எறிந்துவிட்டு நௌபரிடம் வேறு வாங்கினார். குடத்தை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தினார். முன் கேபிள், ஹேண்டில் பேரிங், பெட்டிச் சக்கரத்தின் பேரிங், செயின் எல்லாம் புதுசு. பழைய ஆர்மை எறியவில்லை. புதிதாக ஒன்று வெட்டி அராவி, நேர்ப் பல்லில் மாட்டினார். அதையும் பழைய ஷூவையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கப்பலைத் தானே தோட்டத்துக்கு ஓட்டிப் போனார். பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். காலையில் பேர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போகிற நேரம். கப்பலின் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. நிஷாந்தினி ஒரு ஓரமாக நின்றாள். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, விஜேந்திரனின் தாய் அங்கம்மா. ஒரே லயக் காம்பராவில் இருந்துகொண்டு நாலு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

பேர் எழுதிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மரியநாயகம் பேசினார். பழைய ஷூவையும் ஆர்மையும் தூக்கிக் காட்டினார்.

"விஜேந்திரன் குடிச்சிட்டு ஓட்டல. இந்த ஷூ தேஞ்சு போச்சு. புதுசு போடாம, பல்லத் தள்ளிவிட்டு, வண்டிய நல்ல வண்டி மாதிரி காட்டினேன். புது ஷூ வந்தும் அவனக் கூப்புட்டுச் சொல்லல. கொற எங்கிட்ட. அவன்கிட்ட இல்ல."

தோட்டத்து லொறி டிரைவர் தாஸிம் மட்டும் முன்னால் வந்து ஆர்மை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தொழில் தெரிந்த மனுசன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு பல்லுக்குத் தண்டு புரண்டு பிரேக் போகாதே பாஸ். இதுல ரெண்டு அடையாளம் இருக்கே."

"ரெண்டும் நான்தான்," என்றார் மரியநாயகம். அவர் இப்படி ஒரு பொய்யை வாழ்நாளில் சொன்னதில்லை.

"இல்ல..." என்று நிஷாந்தினி வாயைத் திறந்தாள்.

அதற்குள் அங்கம்மா நடுவில் வந்துவிட்டாள். "என்னாத்துக்கு இந்தப் பேச்செல்லாம்? எம்மவன் குடிச்சிருந்தான். நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல? பெத்தவளுக்குத் தெரியாதா? போங்க, போயி வேலையப் பாருங்க."

நிஷாந்தினி மாமியாருக்கு நேரே வந்து நின்றாள். "நீங்கெல்லாம் ஒரு தாயா? அந்த மனுசன் செத்தும் ஒங்களுக்கு ஆத்திரம் தீரலையா? அவரு என்ன பாவம் பண்ணினாரு மாமி ஒங்களுக்கு?"

அங்கம்மா மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அடித்துவிடப் போகிறாளோ என்று மரியநாயகம் பின்னாலேயே ஓடினார்.

அங்கே அந்தம்மாவின் குரல் அடியோடு மாறியிருந்தது.

"வாய மூடுடி. நீ என்னா சொல்லப் போனேன்னு எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலைல நான் வெறகெடுக்க வந்தேன். நீ சக்கரத்துக்குக் கிட்ட ஸ்பேனரோட குந்தியிருந்த. அந்தியில சேதி வந்திச்சு. வளைவுல நின்ன ஆம்பளைங்க பிரேக்கு பிரேக்குன்னு பேசிக்கிட்டாங்க. யாரு கை வச்சான்னு ஒருத்தன் கேட்டா நீ அந்த எடத்துலயே சொல்லிருவ. ஒனக்குப் பொய் வராது. புருசன் சீவன எடுத்தவன்னு ஒனக்குப் பேரு வந்தா, அந்தப் பேரோட இந்த லயத்துல ரெண்டு பிள்ளைய எப்பிடி வளப்ப?" மூச்சு வாங்கினாள். "அதான் நான் முந்திக்கிட்டேன். குடிச்சவன் செத்தான்னு சொன்னா அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான். அவன் போயிட்டான்டி. அவனுக்கு எந்தப் பேரு வச்சாலும் இனி நோகவா போகுது? எனக்கு நொந்திச்சு. அது எம்பாடு."

நாலு மாதம் இந்தக் கிழவி வைத்த சோற்றைத் தொடாமல், இந்தக் கிழவி முகத்தில் விழிக்காமல், பிள்ளைகளையும் கிட்டப் போக விடாமல் இருந்தவள் நிஷாந்தினி. அவள் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டு, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மரியநாயகத்துக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. தன்னுடைய வாக்குமூலம் பெரிய தியாகம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இந்தத் தாய் செய்ததற்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

நிஷாந்தினி முகத்தைத் துடைத்துக்கொண்டு களத்துக்குத் திரும்பி நடந்தாள். அங்கம்மா, "ஏய், வேணாண்டி" என்று கையைப் பிடித்தாள். நிஷாந்தினி அந்தக் கையை உதறவில்லை. அந்தக் கையோடு சேர்த்து மாமியாரையும் கூட்டிக்கொண்டே போய் எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

"ரெண்டாவது பல்லத் தள்ளினது நான். நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சேன். எனக்கு என்ன பேரு வேணும்னாலும் வைங்க, நான் கேட்டுக்கிறேன். எம்புருசன் குடிக்கல. எங்க மாமி என்னையக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னிச்சு."

கணக்கப்பிள்ளை திறந்த புத்தகத்தை மூடி வைத்தார். தாஸிம் தொப்பியைக் கழற்றினார். பின்வரிசையில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். பிறகு இன்னொருத்தி வந்து நிஷாந்தினியின் பக்கத்தில் சும்மா நின்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

அங்கம்மா கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பெட்டியின் ஓரத்தைக் கையால் தொட்டாள்.

"இப்ப நிக்குமா தம்பி?"

"நிக்கும்மா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நானே வந்து கழட்டிப் பாப்பேன். நான் சாகுற வரைக்கும்."

அவள் தலையாட்டினாள். படங்கை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். அதன்மேல் கையை ஊன்றி, கிழங்கு மூட்டை ஏறுகிற இடத்தில் ஏறிக் குந்திக்கொண்டாள்.

"ஓட்டுடி."

"எங்க மாமி?"

"மசானத்துக்கு. நாலு மாசமா குடிகாரன்ங்கிற பேரோட அவன் அங்க கெடக்கான். நான் வச்ச பேர நான்தானே போயி எடுக்கணும்."

நிஷாந்தினி ஏறி உதைத்தாள். கப்பல் முதல் உதையிலேயே உயிர் பெற்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. கோயிலடியைத் தாண்டினால் மசானம் வரைக்கும் ஒரே இறக்கம். அந்த இடம் வந்தால் எவனுடைய கையும் சாவிக்குத்தான் போகும். மரியநாயகம் காதைக் கொடுத்தார். அவள் எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டாம் கியரில் கப்பல் முனகிக்கொண்டே மெதுவாக இறங்குவது கீழ்வளைவு வரைக்கும் கேட்டது.